வேற்றுலக நாகரிகங்கள் எத்தனை? கணக்கு எதுவரை உறுதி, எங்கிருந்து ஊகம்

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றிய செய்தி வந்தபோது, அங்கே உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்ற பொருளில் அது பரவியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2020இல், நம் பால்வெளி மண்டலத்தில் 36 நாகரிகங்கள் இருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொன்னதாகச் செய்தி ஓடியது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வோ, இந்த மண்டலத்தில் நாம் மட்டுமே இருப்பதற்கான வாய்ப்புதான் அதிகம் என்றது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒரே கைபேசியில் படித்துவிட்டு, "இதில் எதை நம்புவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்றும் புள்ளியியலை வைத்துச் சொன்னவை, மூன்றையும் சொன்னவர்கள் முறையான ஆய்வாளர்கள். ஆனால் அவர்கள் விடை தேடிய கேள்விகள் வேறு வேறு. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் எது அளந்து பெற்றது, எது ஊகித்து வைத்தது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## முதலில் எதை எண்ணுகிறோம்?

உயிர், அறிவுள்ள உயிர், நாகரிகம் இந்த மூன்றும் செய்திகளில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு செல் நுண்ணுயிர் இருந்தாலே அது உயிர். சிந்தித்துக் கருவி செய்யத் தெரிந்தது அறிவுள்ள உயிர். இந்தத் துறையில் நாகரிகம் என்றால் வானொலி அலை போன்ற ஏதாவது ஒன்றை விண்வெளிக்கு அனுப்பும் திறன் பெற்ற சமூகம். அப்படிப் பார்த்தால் கங்கைகொண்ட சோழபுரம் கட்டியவர்கள்கூட இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பூமி இந்தப் பட்டியலில் சேர்ந்து சுமார் நூறு ஆண்டுகளுக்கு மேல்தான் ஆகிறது.

இன்னொரு சொல் நிகழ்தகவு. ஒன்று நடப்பதற்கான வாய்ப்பை 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்வது. இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். பலமுறை நடந்ததை எண்ணிச் சொல்வது ஒரு விதம். மழை நாள்களின் விகிதம் அப்படிப்பட்டது. ஒரு விஷயத்தில் நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை எண்ணாக்கிச் சொல்வது இன்னொரு விதம். வேற்றுலகக் கணக்கில் பாதி முதல் வகை, பாதி இரண்டாம் வகை. சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

## டிரேக்கின் ஏழு காரணிகள்

1960இல் அமெரிக்க வானியலர் ஃபிராங்க் டிரேக், மேற்கு வெர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்க் ஆய்வகத்தின் வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பிக் காத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அதன் பேச்சுக்கு ஒழுங்கு வேண்டும் என்று அவர் எழுதிய வரிதான் இன்று டிரேக் சமன்பாடு எனப்படுகிறது. பால்வெளியில் இப்போது நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்களின் எண்ணிக்கை, கீழே உள்ள ஏழையும் பெருக்கினால் வரும்:

1. பால்வெளியில் ஆண்டுதோறும் பிறக்கும் விண்மீன்கள்.
2. அவற்றில் கோள்கள் உள்ளவை எத்தனை பங்கு.
3. அப்படி ஒவ்வொரு விண்மீனுக்கும் உயிர் வாழ ஏற்ற கோள்கள் எத்தனை.
4. அந்தக் கோள்களில் உயிர் உண்மையிலேயே தோன்றுவது எத்தனை பங்கு.
5. உயிர் தோன்றியவற்றில் அறிவு வளர்வது எத்தனை பங்கு.
6. அறிவு வளர்ந்தவற்றில் விண்வெளிக்குச் சைகை அனுப்பும் நிலைக்கு வருவது எத்தனை பங்கு.
7. அந்தச் சைகை நின்றுபோகும் வரை சராசரியாக எத்தனை ஆண்டுகள்.

1961இல் இந்த ஏழில் முதலாவதை மட்டுமே ஓரளவு அறிந்திருந்தார்கள். இன்று முதல் மூன்றும் நம் கையில் இருக்கின்றன. சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் வெளிக்கோள் முதன்முதலில் உறுதியானது 1995இல். கண்டுபிடித்த மிஷேல் மேயருக்கும் டிடியே கேலோவுக்கும் 2019இல் நோபல் கிடைத்தது. 2025இல் உறுதிசெய்யப்பட்ட வெளிக்கோள்கள் 6,000ஐத் தாண்டின. கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவை வைத்து ஸ்டீவ் பிரைசன் தலைமையிலான குழு 2020இல் ஒரு கணக்கைத் தந்தது. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றுக்கு, நீர் திரவமாக இருக்கத்தக்க தொலைவில் சுற்றும் பாறைக் கோள்கள் 0.37 முதல் 0.60 வரை. கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் பால்வெளியில் 30 கோடி கோள்கள் தேறும்.

இதை நான் இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய அறிவியல் சாதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். கோள்கள் அரியவையா, சாதாரணமா என்று நம் தாத்தா காலத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும்: சாதாரணம்.

ஆனால் நான்காவது காரணிக்கு வந்ததும் தரை முடிந்துவிடுகிறது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றுக்கு நம்மிடம் இருக்கும் எடுத்துக்காட்டு பூமி ஒன்றுதான்.

## 36 எங்கிருந்து வந்தது?

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டாம் வெஸ்ட்பி, கிறிஸ்டபர் கன்சலீஸ் இருவரும் 2020இல் வெளியிட்ட எண் இது. அவர்கள் வைத்த ஊகத்தைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பூமியில் அறிவுள்ள உயிர் வர ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஆயின. ஆகவே பூமியை ஒத்த கோள் எதுவானாலும் அதே அளவு காலத்தில் அங்கேயும் வரும் என்று வைத்துக்கொள்வோம் என்பது அது. அதாவது நான்காவது, ஐந்தாவது, ஆறாவது காரணிகள் மூன்றும் ஏறக்குறைய 1. ஏழாவதற்கு 100 ஆண்டுகள். நாம் வானொலி அனுப்பத் தொடங்கி ஆன காலம் அவ்வளவுதான் என்பதால்.

இந்த ஊகத்தை ஏற்றுக்கொண்டால் 36 சரியான விடை. அவர்கள் தந்த எல்லைகூட 4 முதல் 211 வரை நீள்கிறது. மிக அருகில் உள்ள நாகரிகமே ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தள்ளி இருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். நாம் ஒரு வணக்கம் சொல்லிப் பதில் வாங்க 34,000 ஆண்டுகள் ஆகும்.

ஏழாவது காரணி எவ்வளவு வலுவானது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆயுளை 100 ஆண்டுகள் என்பதற்குப் பதிலாக 10 லட்சம் என்று மாற்றினால், வேறு எதையும் தொடாமலே 36 என்பது 3,60,000 ஆகிவிடும். வானத்தில் எதுவும் மாறவில்லை. தாளில் ஒரு எண் மாறியது, அவ்வளவே. செய்தியில் 36 மட்டும் வந்தது, "இப்படி வைத்துக்கொண்டால்" என்ற பாதி வரவில்லை. ஆய்வாளர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

## சராசரி எப்படி ஏமாற்றும்

ஒரு காரணி சரியாகத் தெரியாதபோது பலரும் நடுவாக ஒரு எண்ணை எடுத்துப் போட்டுப் பெருக்குகிறார்கள். பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் தெரியாமை மிகப் பெரிதாக இருக்கும்போது இந்த முறை நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

நான்காவது காரணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உயிர் தோன்றுவது எளிது, பத்துக் கோள்களில் ஒன்றில் தோன்றிவிடும் என்பது ஒரு கருத்து. மிக அரிது, 1க்குப் பின்னால் 20 சுழியம் போட்டால் வரும் அத்தனை கோள்களில் ஒன்றில்தான் தோன்றும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்புத் தருகிறோம் என்று வையுங்கள். 30 கோடி கோள்கள் இருக்கின்றன. முதல் கருத்து சரியானால் 3 கோடி கோள்களில் உயிர். இரண்டாவது சரியானால் நடைமுறையில் சுழியம். சராசரி எடுத்தால் 1.5 கோடி!

"சராசரியாக 1.5 கோடி உயிர்க் கோள்கள்" என்பது கணக்குப்படி சரி. அதே கணக்குப்படி ஒன்றுகூட இல்லாமல் இருக்க 50 சதவீத வாய்ப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சராசரியை மட்டும் கேட்டவர், இவ்வளவு பெரிய எண் வந்திருக்கிறதே, ஒரு சைகைகூட வரவில்லையே, இதில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று நினைப்பார். 1950இல் லாஸ் அலமோஸில் ஒரு மதிய உணவின்போது இயற்பியலர் என்ரிகோ ஃபெர்மி கேட்ட "எல்லாரும் எங்கே?" என்ற கேள்வி இன்றுவரை முரண்பாடாகப் பேசப்படுவதற்கு இந்தச் சராசரிப் பழக்கமும் ஒரு காரணம்.

2018இல் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க், எரிக் டிரெக்ஸ்லர், டோபி ஆர்ட் மூவரும் செய்தது இதைத்தான். ஒவ்வொரு காரணிக்கும் ஒரே எண்ணை வைக்காமல், அறிவியல் இன்று அனுமதிக்கும் முழு வீச்சையும் வைத்தார்கள். உயிர் தோன்றும் வேதியியல் எவ்வளவு தெரியாததோ அவ்வளவு அகலமான வீச்சு. பிறகு அந்த வீச்சுகளிலிருந்து எண்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்கள். இதுவரை யாரும் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டபோது, பால்வெளியில் நாம் மட்டுமே இருப்பதற்கான வாய்ப்பு 53 முதல் 99.6 சதவீதம் வரை என்று வந்தது. நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் நாம் மட்டுமே என்பதற்கு 39 முதல் 85 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "நாம் தனிமை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று சொன்னால் அதுவும் தவறு. அவர்கள் அளந்தது நம் அறியாமையின் அகலத்தை. இந்த அளவு அறியாமையோடு வெற்று வானத்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை என்பதுதான் அதன் செய்தி. என் மதிப்பீட்டில், டிரேக்குக்குப் பிறகு இந்தத் துறையில் வந்த மிகத் தெளிவான கட்டுரை இது.

## "நாம் இருக்கிறோமே" என்ற வாதம்

"பூமியில் உயிர் வந்திருக்கிறதே, அப்புறம் மற்ற இடத்தில் ஏன் வராது?" இதைவிட அடிக்கடி கேட்கும் வாதம் வேறில்லை. மனசுக்கு மிகவும் சரியாகப் படும் வாதமும் இதுதான். இதில் இருக்கும் ஓட்டையைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைவிட எளிது.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். அதைத் தாண்டினால் வளவு, இரண்டாங்கட்டு, அடுத்த தெரு வரை நீளும் பின்கட்டு. காலடியில் இத்தாலிச் சலவைக்கல், இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் இன்னமும் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். இந்த வீடுகளில் பலவற்றின் பின்னால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போய்ப் பொருள் சேர்த்த ஒருவர் இருக்கிறார். இப்போது ஒரு கேள்வி: கடல் கடந்து போனவர்களில் எத்தனை பேர் செல்வம் சேர்த்தார்கள்?

தெருவை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால், எல்லாருமே. ஏனென்றால் கிட்டங்கி என்ற வணிகக் கிடங்கில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலைப் பணியாளாகச் சேர்ந்து காய்ச்சலில் போனவர் இங்கே வீடு கட்டவில்லை. 1930களின் பெருமந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாமல் ஒடிந்தவர் கட்டவில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர் புதிதாக ஒன்றும் கட்டவில்லை. தெரு காட்டுவது ஜெயித்தவர்களை மட்டுமே. போனவர்கள் எத்தனை, திரும்பியவர்கள் எத்தனை என்று தெரிய வேண்டுமானால், தோற்றவர்களின் பெயரும் இருக்கும் பேரேடு வேண்டும்.

புள்ளியியலில் இதற்குத் தெரிவுச் சார்பு என்று பெயர். நம் கண்ணுக்கு வந்து சேரும் மாதிரியே ஏற்கெனவே சலிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பது பொருள்.

உயிர் விஷயத்தில் நிலைமை இன்னும் கடுமை. தெருவில் பல வீடுகளாவது இருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வீடு. கேள்வி கேட்பவரும் அந்த வீட்டிலேயே பிறந்தவர். பத்தில் ஒருவர் ஜெயித்தாலும் சரி, லட்சத்தில் ஒருவர் ஜெயித்தாலும் சரி, ஜெயித்தவரின் பேரன் கண் விழிப்பது தேக்குத் தூண் வீட்டில்தான். தான் பிறந்த வீட்டைப் பார்த்து அவன் எந்த விகிதத்தையும் கண்டுபிடிக்க முடியாது. உயிர் தோன்றாத கோளில் இருந்துகொண்டு "இங்கே உயிர் வரவில்லையே" என்று பதிவுசெய்ய யாரும் இல்லை. ஆகவே "நாம் இருக்கிறோம்" என்ற உண்மை, உயிர் எளிது என்ற கருத்தோடும் பொருந்தும், மிக அரிது என்ற கருத்தோடும் அதே அளவு பொருந்தும். இரண்டோடும் சமமாகப் பொருந்துவது எதற்கும் சான்றாகாது.

## நேரம் எதையாவது சொல்கிறதா?

இருப்பு சொல்லாததைக் காலம் கொஞ்சம் சொல்லக்கூடும். பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியில், நுண்ணுயிர்கள் படிந்து உண்டான பாறை அடுக்குகள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழமையானவை. அதாவது பூமி ஆறி, கடல் தங்கிச் சில பத்துக் கோடி ஆண்டுகளிலேயே உயிர் வந்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் வந்தது என்றால் அது எளிதாக நடப்பதாகத்தானே இருக்க வேண்டும்?

2012இல் டேவிட் ஸ்பீகல், எட்வின் டர்னர் இருவரும் இதைப் பேயஸ் முறையில் ஆராய்ந்தார்கள். பேயஸ் முறை என்றால், சான்றைப் பார்ப்பதற்கு முன் நாம் கொண்டிருந்த நம்பிக்கையை ஒரு எண்ணாக்கி, சான்று வந்ததும் அதை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கணக்கிடுவது. சான்றுக்கு முந்தைய எண்ணுக்கு முன்நிகழ்தகவு என்று பெயர். அவர்கள் கண்டது இது: உயிரிலிருந்து அறிவு வர 350 கோடி ஆண்டுகள் தேவை என்றால், தாமதமாக உயிர் தோன்றிய கோள்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வருவதற்குள் விண்மீனின் நல்ல காலம் முடிந்துவிடும். கேட்க ஆள் உள்ள கோள்களில் எல்லாம் உயிர் சீக்கிரமே தோன்றியிருக்கும். ஆகவே விரைவான தொடக்கம் நாம் நினைத்த அளவு வலுவான சான்று இல்லை. விடையில் பெரும் பகுதியை முன்நிகழ்தகவே தீர்மானித்துவிடுகிறது.

2020இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பிங், முன்நிகழ்தகவு எந்தப் பக்கமும் சாயாதபடி அமைத்து மறுபடி கணக்கிட்டார். பூமியின் வரலாற்றை முதலிலிருந்து திரும்ப ஓட்டினால் உயிர் விரைவாகத் தோன்றும் என்பதற்கு, தோன்றாது என்பதைவிடக் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு. அறிவுள்ள உயிருக்கோ நிலைமை தலைகீழ்: அது அரிதாகவே வரும் என்பதற்கு 3க்கு 2 என்ற மெல்லிய சாய்வு. சூரியன் மெல்லமெல்லப் பிரகாசம் கூடி வருவதால் பூமி வாழத்தக்கதாக இருக்க இன்னும் 100 கோடி ஆண்டுகள் போலத்தான் மிச்சம். நாம் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தவர்கள். அந்தத் தாமதம்தான் இந்தச் சாய்வுக்குக் காரணம்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கிப்பிங்கின் கணக்கு, பூமி மாதிரியே எல்லாம் அமைந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும். அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை என்பது தனிக் கேள்வி.

## கேள்வியைத் திருப்பிப் போட்டால்

ஆடம் ஃபிராங்க், வுட்ரஃப் சல்லிவன் இருவரும் 2016இல் வேறு வழி பிடித்தார்கள். இப்போது எத்தனை நாகரிகங்கள் என்று கேட்காமல், பிரபஞ்ச வரலாற்றில் இதுவரை நாம் ஒருவர் மட்டுமே தோன்றியிருக்க வேண்டுமானால் வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாக வேண்டும் என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டால் ஏழாவது காரணியான ஆயுளே தேவையில்லை. மிச்சம் இருப்பது கோள்களின் எண்ணிக்கை. அது நமக்குத் தெரியும்.

விடை: பால்வெளியில் நாம் மட்டுமே என்றால், உயிருக்கு ஏற்ற ஒரு கோளில் நாகரிகம் எழும் வாய்ப்பு ஏறத்தாழ 6,000 கோடியில் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதற்கும் என்றால், 1க்குப் பின்னால் 22 சுழியம் போட்ட எண்ணில் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

"இவ்வளவு சிறிய வாய்ப்பு இருக்கவே முடியாது, ஆகவே வேறு நாகரிகங்கள் இருந்தே தீரும்" என்று பலர் இங்கே தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலுக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. 100 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் புரதம், 20 வகை அமிலங்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கோத்தால், குறிப்பிட்ட ஒரே வரிசையில் அமைய எவ்வளவு வாய்ப்பு? 1க்குப் பின்னால் 130 சுழியம் போட்ட எண்ணில் ஒன்று. இயற்கை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வதில்லை. சின்ன மூலக்கூறுகளிலிருந்து படிப்படியாக வந்த வழிகள் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் வேதியியலில் 22 சுழியம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத சிறுமை ஒன்றும் இல்லை என்பதற்கு இது போதும். ஃபிராங்க், சல்லிவன் கணக்கு கோட்டைத் துல்லியமாகப் போட்டுத் தருகிறது. உண்மை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

## 99.7 சதவீதம் எதற்கு?

இனி கே2-18பி. சிம்ம ராசி விண்மீன் கூட்டத்தின் திசையில் 124 ஒளியாண்டு தொலைவில் இருப்பது. பூமியைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு அகலம், 8.6 மடங்கு நிறை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் டைமெத்தில் சல்பைடு அல்லது அதை ஒத்த இன்னொரு வாயுவின் தடயம் 3 சிக்மா அளவில் இருப்பதாக அறிவித்தது. பூமியில் இந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிலிருந்து வருகிறது.

3 சிக்மா என்றால் என்ன? அந்த வாயு அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், அளவீட்டின் தற்செயல் ஏற்ற இறக்கத்தால் மட்டும் இப்படி ஒரு தடயம் தெரிய 0.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 370இல் ஒரு வாய்ப்பு. மிச்சம் 99.7ஐ "உயிர் இருக்கும் வாய்ப்பு" என்று படிப்பதுதான் தவறு. ஏன் என்று எண்ணிப் பார்ப்போம். இதே போன்ற 1,00,000 கோள்களைச் சோதிக்கிறோம். வாயு உண்மையில் இருந்தால் கட்டாயம் தெரியும் என்றும் வைத்துக்கொள்வோம்.

1. பாதிக் கோள்களில் அந்த வாயு உண்டு என்றால், உண்மைத் தடயம் 50,000. வாயு இல்லாத 50,000இல் பொய்த் தடயம் 135. தடயம் தெரிந்தவற்றில் 99.7 சதவீதம் உண்மை.
2. ஆயிரத்தில் ஒன்றில் உண்டு என்றால், உண்மை 100, பொய் 270. தடயம் தெரிந்தவற்றில் 27 சதவீதம் உண்மை.
3. லட்சத்தில் ஒன்றில் உண்டு என்றால், உண்மை 1, பொய் 270. அரை சதவீதம்கூட இல்லை.

தொலைநோக்கி ஒன்று, அளவீடு ஒன்று, சிக்மாவும் ஒன்று, விடை 99.7லிருந்து 0.4 வரை போகிறது. மாற்றியது முன்நிகழ்தகவு. அதைத்தான் நாம் இன்னும் அறியவில்லை.

இதோடும் முடியவில்லை. ஒரே தரவில் 100 மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால், எதுவுமே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று 3 சிக்மாவில் தலைகாட்ட ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்புறம், வாயு இருப்பது உறுதியானாலும் அது உயிரிலிருந்து வந்ததா என்பது அடுத்த படி. 67பி என்ற வால்வெள்ளியிலேயே டைமெத்தில் சல்பைடு இருந்ததாக 2024இல் தெரியவந்தது. அங்கே கடலும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை. 2025இல் வேறு குழுக்கள் கே2-18பி தரவை வேறு முறைகளில் ஆராய்ந்து, அந்த அளவு உறுதி அதில் இல்லை என்றன. 5 சிக்மா என்ற இன்னும் கடுமையான அளவு வரும்வரை கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது, இன்னும் அளக்க வேண்டும் என்று மதுசூதன் குழுவே சொல்லியிருந்தது. அந்தப் பொறுமை செய்தித் தலைப்புக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

## தேடியும் கிடைக்காததன் எடை

கிடைக்கவில்லை என்பதும் ஒரு தரவு. அதை எடைபோட எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒன்றைத் தேடிப் பல மாதிரிகளைச் சோதித்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், 3ஐ மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, அதன் விகிதத்துக்கு 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்ச வரம்பு.

பிரேக்த்ரூ லிசன் திட்டம் 2020இல் 1,327 விண்மீன்களின் வானொலித் தேடல் முடிவை வெளியிட்டது. 1.1 முதல் 3.45 கிகாஹெர்ட்ஸ் வரை தேடினார்கள். வேற்றுலகச் சைகை ஒன்றும் இல்லை. 3ஐ 1,327ஆல் வகுத்தால் 0.23 சதவீதம். அதாவது அந்த அலைவரிசையில், அவர்கள் கருவிக்கு எட்டும் வலுவோடு, ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் நாகரிகம் ஏறத்தாழ 440 விண்மீன்களுக்கு ஒன்றைவிட அதிகம் இருக்க வாய்ப்பில்லை. கேட்க வலுவான முடிவு போல இருக்கும். பால்வெளியில் விண்மீன்கள் குறைந்தது 10,000 கோடி. அதில் 0.23 சதவீதம் என்பது 23 கோடி. இவ்வளவு தேடிய பிறகும் 23 கோடி நாகரிகங்கள் வரை இருக்கலாம் என்றுதான் இந்தத் தரவு சொல்கிறது! வேறு அலைவரிசை, விட்டுவிட்டு வரும் சைகை, வானொலியே பயன்படுத்தாதவர்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் வரவே இல்லை. "தேடிப் பார்த்தாயிற்று, யாரும் இல்லை" என்று இப்போது சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

## எந்தச் சான்று இந்தக் கணக்கை மாற்றும்?

தேடும் விண்மீன்களைப் பத்து மடங்கு கூட்டினால் 440 என்பது 4,400 ஆகும். நல்லதுதான், ஆனால் நான்காவது காரணியைத் தொடாது. அதைத் தொடக்கூடியது பூமிக்கு வெளியே, பூமியோடு தொடர்பில்லாமல் தோன்றிய ஓர் உயிர். ஒரே ஒரு நுண்ணுயிர் போதும். அது நம்மைப் பெற்றெடுத்த உயிர் இல்லை என்பதால், மேலே சொன்ன தெரிவுச் சார்பு அதற்குக் கிடையாது. ஒரே சூரியக் குடும்பத்தில் இரண்டு முறை தனித்தனியாக நடந்த ஒன்று, 20 சுழிய அரிதாக இருக்க முடியாது. சாண்ட்பெர்க் குழு வைத்த அகலமான வீச்சின் கீழ்ப்பகுதி ஒரே நாளில் அறுந்துவிழும்.

தனித்துத் தோன்றியது என்று உறுதிசெய்வது எளிதல்ல. செவ்வாயிலிருந்து பெயர்ந்த பாறைகள் பூமிக்கு வந்திருக்கின்றன; உயிரும் அப்படி இடம் மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் எழும். பூமியில் உள்ள உயிர்கள் புரதம் செய்ய இடக்கை வடிவ அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகின்றன. வலக்கை வடிவத்தால் ஆன உயிர் ஒன்று கிடைத்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். வியாழனின் பனிக்கட்டி நிலவான யூரோப்பாவின் அடியில் உள்ள கடல் உயிர் வாழ ஏற்றதா என்று அது பார்க்கும். உயிரையே தேடுவது அதன் வேலை அல்ல. அதற்கு இன்னொரு கலம் போக வேண்டும்.

ஒருவேளை அப்படி ஓர் உயிர் கிடைத்து, வானம் அதன் பிறகும் அமைதியாகவே இருந்தால், அந்த அமைதிக்குக் காரணத்தை ஐந்தாம், ஆறாம், ஏழாம் காரணிகளில்தான் தேட வேண்டியிருக்கும். நான்காவது எவ்வளவு எளிது என்று தெரியவருகிறதோ, அந்த அளவுக்கு நாகரிகங்களின் சராசரி ஆயுள் குறைவாக இருப்பதற்கான நிகழ்தகவு கணக்கில் மேலே ஏறும்.